மஞ்சள் முடிச்சுக்குள் பாலன்

கப்பற்காரன் மார்க்கண்டு நேப்பிள்ஸ் துறைமுகத்துக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கி வந்தது சோமாஸ்கந்தர் என்றுதான் அவனும் நினைத்தான், மயிலிட்டியில் அவன் பெண்சாதி நாகேஸ்வரியும் நினைத்தாள். அவர்களில் பிழை சொல்லவும் முடியாது. கையில் தடியோடு அப்பன் நிற்கிறார், பக்கத்தில் அம்மை இருக்கிறாள், நடுவில் குழந்தை, காலடியில் மாடு படுத்திருக்கிறது. சிவனும் உமையும் கந்தனும் நந்தியும் வெள்ளைக்காரன் ஊரிலும் இருக்கிறார்கள் என்றால் ஒரு சைவனுக்குப் பெருமை வராதா? இன்னொரு மிருகமும் கூட இருந்தது. அதற்குக் கொம்பைக் காணவில்லை. கப்பலில் முறிந்துபோயிருக்கும் என்றான் மார்க்கண்டு.

நாகேஸ்வரி அதைச் சாமியறையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தாள். அப்பனுக்கு மூன்று குறி திருநீறு, அம்மைக்குக் குங்குமம், எல்லோருக்கும் நித்தியகல்யாணிப் பூ. சில மாதம் ஒரு குறையுமில்லாமல் போயிற்று. ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வளவு லூர்த்தம்மா சாமியறையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டாள்.

"எடி பிள்ளை, உவர் எங்கடை சூசையப்பரெல்லே. உது யேசு பிறந்த பாலன் குடில். மற்றது கழுதையடி."

நாகேஸ்வரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் இத்தனை நாள் கும்பிட்டவர்களைத் தூக்கி ஒதுக்க மனம் வரவில்லை. திருநீற்றை மட்டும் துடைத்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் லூர்த்தம்மா இன்னொன்றும் சொன்னாள். வேதக்காரர் நத்தார் அன்று யேசு பிறக்கும்வரை பாலனைக் குடிலில் வைப்பதில்லையாம். தொட்டிலில் வைக்கோல் மட்டும்தான் கிடக்குமாம். தாயும் தகப்பனும் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம்.

அந்தக் கதை நாகேஸ்வரியின் மனதில் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிரக் கப்பற்காரன் பெண்சாதிக்கு வேறென்ன வேலை? அடுத்த முறை மார்க்கண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அன்றே பாலனை எடுத்து, நேர்த்திக்காசு முடிகிறது போல மஞ்சள் துண்டில் முடிந்து ஆணியில் தொங்கவிட்டாள். அவன் திரும்பி வந்து, தலை தோய்ந்து, தன் கையால் தொட்டிலில் வைக்கவேண்டும். அதற்கு முன்னம் யார் வைத்தாலும் அவனுக்கு ஆகாது. இந்தச் சட்டத்தை எந்தக் குருக்களும் சொல்லவில்லை, எந்தச் சுவாமியாரும் சொல்லவில்லை. அவளே போட்டது. அதனால்தானோ என்னவோ, அதை மீற அவளுக்கு அவ்வளவு பயம்.

மார்க்கண்டு முதலில் அவளைப் பகிடி பண்ணினான். பிறகு அவனுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கி மணிக்கூடும் சட்டைத்துணியும் வாங்க, இவன் பாலன் குடில் தேடி அலைந்தான். மொம்பாசாவில் கருங்காலியில் செதுக்கியது, மணிலாவில் சிப்பியில் செய்தது, ஜப்பானில் களிமண்ணில் ஒன்று. தென்னமெரிக்காவில் வாங்கியதில் மாட்டுக்குப் பதிலாக ஆடோ ஒட்டகமோ என்று சொல்ல முடியாத ஒன்று படுத்திருந்தது. கருங்காலிக் குடிலில் தாயும் கறுப்பு. ஜப்பான் தாய்க்குச் சின்னக் கண். போகிற ஊரிலெல்லாம் அவள் அந்த ஊர்க்காரியாகவே இருந்தது நாகேஸ்வரிக்கு நன்றாகப் பிடித்தது. அலுமாரித் தட்டு நிறைந்தது, மஞ்சள் முடிச்சும் பருத்தது.

அறுபத்துநாலாம் ஆண்டு, திருவெம்பாவை முடிந்த கையோடு சூறாவளி அடித்தது. பனைகள் முறிந்து விழுந்தன. வள்ளங்கள் வீட்டு வளவுகளுக்குள் வந்து கிடந்தன. பொங்கலுக்கு வருவதாக ரங்கூனிலிருந்து தந்தியடித்துவிட்டுக் கப்பலேறிய மார்க்கண்டு அந்த நேரம் நடுக்கடலில் இருந்தான். லூர்த்தம்மாவின் புருசன் சிமியோன், காற்றுக்கு முதல்நாள் கடற்றொழிலுக்குப் போனவன், திரும்பவில்லை. இரண்டு பெண்களும் கரைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மார்க்கண்டு என்று பேர் வைத்தவனிடம் யமன் அண்டமாட்டான் என்று ஊரவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நாகேஸ்வரி தலையாட்டினாள், நம்பவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் லூர்த்தம்மா வந்தாள். மாதா கோயில் கூரை போய்விட்டது, குடிலுக்கென்று வைத்திருந்த சொரூபங்கள் நொறுங்கிப் போயின, உன்னுடையதைத் தருவாயா என்று கேட்டாள். நாகேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி அடுக்கிக் கொடுத்தாள். முடிச்சின் பக்கம் மட்டும் கை போகவில்லை. லூர்த்தம்மா ஆணியை ஒருதரம் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும் பிள்ளை. உன்ரை மனுசன் வந்து வைக்கட்டும். வெறுந்தொட்டில் எங்களுக்குப் பழக்கம்தானே."

தன் புருசனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட நாகேஸ்வரிக்கு அப்படிக் குத்தியிராது.

மறுநாள் விடிய, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்டிருந்தால் சும்மா பார்க்க என்றுதான் சொல்லியிருப்பாள். கூரையில்லாத கோயிலுக்குள் சனம் ஈர மணலில் இருந்தது. முன்னால் உடைந்த வள்ளத்துப் பலகையில் நாடு நாடாக வந்த தாய்மாரும் தகப்பன்மாரும், மாடும் கழுதையும், அந்தப் பேர் தெரியாத மிருகமும். நடுவே தொட்டில்கள். ஒன்றிலும் பிள்ளை இல்லை. கடலுக்கு ஆளை விட்டுவிட்டிருந்த பெண்கள் எல்லோரும் அந்தத் தொட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பேர் பார்த்திருக்கப் பிள்ளைகளைத் தன் இடுப்பில் ஒளித்து வைத்திருப்பது களவு போல அவளுக்குப் பட்டது. பயம் போகவில்லை, பயத்தோடேயே முன்னால் போய்க் குந்தினாள். உப்புக்காற்றில் இறுகிய முடிச்சு கைக்கு அவிழவில்லை. பல்லால் இழுத்தாள். முருகா, இதில் பிழை இருந்தால் என்னைக் கேள், அவரை விட்டுவிடு என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பாலனாக வைத்தாள். நேப்பிள்ஸ் பாலனை மட்டும் லூர்த்தம்மாவிடம் நீட்டினாள்.

"இதை நீங்கள் வையுங்கோ அக்கா."

லூர்த்தம்மா வைத்தாள். காற்றடித்த நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

சிமியோன் புதுவருசம் கழிந்து வந்து சேர்ந்தான். காற்று அவனை இந்தியக் கரையில் கொண்டுபோய்த் தள்ளியிருந்ததாம். போன எல்லோரும் அப்படி வரவில்லை. மார்க்கண்டுவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. குடில்கள் பாலன்களோடேயே வீட்டுக்குத் திரும்பியிருந்தன. அந்தப் பக்கம் பார்க்காமலே நாகேஸ்வரி விளக்கேற்றினாள். பொங்கலன்று பானை வைத்தாள், பாலன்களுக்குப் படைத்தாள், தான் வாயில் வைக்கவில்லை. நானே வைத்தேன், நானே கெடுத்தேன் என்று தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் வேலிப் படலை திறந்தது. மெலிந்து கறுத்து, பெட்டியும் கையுமாக மார்க்கண்டு நின்றான். கப்பல் பழுதுபட்டு அந்தமான் பக்கம் ஒதுங்கிக் கிடந்ததாம், தந்தியடிக்க வழியில்லையாம். தோய்ந்துவிட்டு வழக்கம்போல நேரே சாமியறைக்குப் போனான். ஆணி வெறுமையாக இருந்தது. நாகேஸ்வரி கதவோரம் நின்று கோயிலையும் தொட்டில்களையும் பல்லால் அவிழ்த்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

 மார்க்கண்டு பெட்டியைத் திறந்து, ரங்கூனில் வாங்கிய தேக்குக் குடிலை எடுத்து அடுக்கினான். தொட்டிலில் பாலன் இல்லை. பிறகு சாரத்தின் இடுப்பில் செருகியிருந்த, முகம் துடைக்கும் கைலேஞ்சியை எடுத்தான். அதன் முனையில் ஒரு முடிச்சு இருந்தது.

"ஒவ்வொரு பயணமும் புதுப் பாலனை நானும் உன்னைப்போலை முடிஞ்சுதான் கொண்டு வாறனான். படலைக்கு வெளியிலை நிண்டு அவிழ்த்து வைச்சிட்டு உள்ளை வருவன். உனக்குத் தெரிஞ்சால் சிரிப்பாய் எண்டு சொல்லேல்லை. இண்டைக்கு ஓடி வந்த ஓட்டத்திலை அவிழ்க்க மறந்து போனன்."

பகிடி பண்ணின மனிதன்தான். நாகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இந்தா, இதையும் நீயே வை" என்று கைலேஞ்சியை நீட்டினான்.

இந்த முடிச்சுக்குப் பல் தேவைப்படவில்லை. பாலனைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் பார்த்தால், கூட வந்த கழுதைக்கு ஒரு கால் முறிந்திருந்தது. பாவம், அதுவும் அந்தக் காற்றில் வந்ததுதானே. நாகேஸ்வரி மஞ்சள் துண்டைத் தேடி எடுத்து, விரலகலம் கிழித்து, கழுதையின் காலுக்குக் கட்டுப் போட்டாள். மிச்சத் துண்டை ஆணியில் திரும்பத் தொங்கவிடவில்லை.