ஒன்றரை மணிப் புள்ளி

யோகலட்சுமி கணக்குப் போட்டால் தப்பாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவளே அந்த யோகலட்சுமியான நான்தான். காட்டுத்தீயால் ஆண்டுதோறும் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிடுவது என் வேலை. பெங்களூரில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எந்த மலை எவ்வளவு எரிந்தது என்று சொல்லிவிடுவேன்.

போன ஆண்டு எனக்கு வந்து சேர்ந்தது எங்கள் ஊர் மலை. நான் இலஞ்சிக்காரி. குற்றாலத்துக்கு மேலே உள்ள சரிவுகளில் ஐந்து ஆண்டுகளாக ஒரு காடு காக்கும் திட்டம் நடக்கிறது. முருகம்மாள் என்பவளின் தலைமையில் எட்டுத் தீக்காவலர்கள் அதில் வேலை செய்கிறார்கள். அவர்கள் வந்த பிறகு தீ குறைந்ததா, கூடியதா என்று நான் சொல்ல வேண்டும். என் வரைபடம் ஏறிக்கொண்டே போனது. செயற்கைக்கோள் தீயைக் கண்ட இடமெல்லாம் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக விழும். முதல் ஆண்டில் ஒன்பது தீப்புள்ளிகள். கடைசி ஆண்டில் முப்பத்தொன்று. வாயு மூன்று மடங்குக்கும் மேல்.

திட்டத் தலைவர் சாம்பசிவம் அறிக்கையைப் படித்தார். காவலர்களை நிறுத்திவிட்டுக் கேமராக் கோபுரங்கள் வைத்துவிடலாம் என்று கோப்பு தயார் செய்துவிட்டார். தை மாதக் கடைசித் திங்கட்கிழமை தென்காசியில் கூட்டம். அன்று கையெழுத்தானால் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை முருகம்மாள் எனக்குப் போன் செய்தாள். அழவுமில்லை, கெஞ்சவுமில்லை.

“மேடம், காடு எரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீயளாமே. எங்கன எரிஞ்சுதுன்னு வந்து காட்டுங்க. நாங்களும் பாக்கணும்லா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கணக்கைச் சரிபார்க்க இவள் யார்? காட்டிவிட்டே வருகிறேன் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சனிக்கிழமை காலை மலையில் நின்றேன்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். அவள் ஏறிய வேகத்தில் எனக்குப் பாதி வழியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. கடைசி ஆண்டின் புள்ளிகளில் நான்கு இடங்களுக்குப் போனோம். ஒரு மரம்கூடக் கருகியிருக்கவில்லை. புல்வெளியின் குறுக்கே பத்தடி அகலத்தில் ஒரு பட்டை மட்டும் மற்ற இடத்தைவிடக் குட்டையாக முளைத்திருந்தது.

“இது நாங்க வச்ச தீக்கோடு. இந்தப் பட்டையில உள்ள புல்லத் தையிலேயே எரிச்சு விட்டுருவோம். சித்திரையில கீழ எவனாவது பீடியப் போட்டுட்டுப் போனாலும் தீ இதத் தாண்டி மரத்துக்கு ஏறாது” என்றாள் முருகம்மாள்.

அன்றும் ஒரு கோடு எரிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வரை யாரும் தீப்பெட்டியைத் தொடவில்லை. புல்லில் அவ்வளவு பனி. மூன்று மணிக்கு மேல் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், புல் மறுபடி ஈரமாகும், தீ தானே அணைந்துவிடும். இடையில் கிடைப்பது மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்திலும் எட்டுப் பேரும் சாவகாசமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். எனக்கும் ஒரு தட்டில் புளிச்சோறு வந்தது.

“நேரமாகுதே, முருகம்மா” என்றேன்.

“பசியோட நெருப்பத் தொடக்கூடாது, யக்கா. அவசரம் வந்துரும். அவசரம் வந்தா காத்து திரும்புதது கண்ணுக்குத் தெரியாது. சாப்ட்டுட்டுத்தான் வைக்கது எங்க வழக்கம்.”

மேடம் எப்போது யக்கா ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மணிக்குத் தீ வைத்தார்கள். இருபுறமும் பச்சைத் தழையோடு நின்று, அதை ஆட்டுக்குட்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் இலஞ்சியில் அக்கா வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நாங்கள் புளிச்சோறு சாப்பிட்ட இடத்தில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி. பதிவான நேரம் மதியம் ஒன்றரை.

அந்த நேரத்தை மறுபடி படித்தேன். நான் நம்பியிருந்த செயற்கைக்கோள் எங்கள் மலையைப் பகலில் கடப்பது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். இவர்கள் சாப்பிட்டுக் கைகழுவித் தீ வைக்க, அது சரியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஐந்து ஆண்டுகளாக. முப்பத்தொரு புள்ளிகளையும் தேதி வாரியாகப் பிரித்தேன். முப்பது புள்ளிகள் தை, மாசியில் இவர்கள் வைத்த கோடுகள். உண்மையான காட்டுத்தீ ஒன்றே ஒன்று. நானோ புள்ளிக்குப் பதினான்கு ஹெக்டேர் வீதம், அதுவும் அடர்ந்த காடு என்று போட்டிருந்தேன். நான்கு ஹெக்டேர் புல் எரிந்ததை நானூற்று இருபது ஹெக்டேர் காடு எரிந்ததாக எழுதியிருக்கிறேன்! ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் கோடுகளை நீட்டினார்கள், புள்ளி கூடியது, காட்டுத்தீ குறைந்தது. மருந்தை நோய் என்று எழுதியவள் நான்.

ஞாயிறு முழுவதும் கணக்கைத் திரும்பப் போட்டேன். சித்திரை, வைகாசிப் படங்களில் கருகிய நிலத்தை அளந்தேன், எரிந்த புல்லைக் காடாக எண்ணாமல் புல்லாகவே கணக்கிட்டேன். வாயு முதலாண்டில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முருகம்மாளும் வந்திருந்தாள். நான் எழுந்து, “என் கணக்கு தப்பு” என்றேன். அந்த மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என் எதிரிகளுக்குத் தெரிந்தால் விருந்து வைப்பார்கள். புதிய வரைபடத்தைக் காட்டினேன். சாம்பசிவம் பார்த்தார். ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

“வெளியில இருக்கிறவங்க புள்ளியைத்தானே பார்ப்பாங்க? செயற்கைக்கோள் போன பிறகு, ஒரு மூணு மணிக்குத் தீ வச்சா புள்ளியே விழாதே. உங்க வேலைக்கும் பிரச்சினை வராது” என்றார் முருகம்மாளிடம்.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தலையாட்டினால் போதும். அவள் எழுந்து நின்றாள்.

“மூணு மணிக்கு வச்சா புல்லு பாதியில அணைஞ்சிரும், சார். அந்த மிச்சப் பாதி வழியாத்தான் சித்திரையில தீ ஏறும். அதுவும் போக, அதுக்குத் தெரியாமச் செய்ய நாங்க என்ன களவா செய்யுதோம்? நல்லாப் பாத்துட்டுப் போவட்டும். பாத்தத ஒழுங்கா எழுதச் சொல்லுங்க.”

கடைசி வாக்கியம் எனக்கு. வாங்கிக்கொண்டேன். சாம்பசிவம் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்.

இந்தத் தை பிறந்ததிலிருந்து பெங்களூரில் எனக்கு மதியம் ஒரு மணிக்குப் போன் வருகிறது. நேற்றும் வந்தது.

“யக்கா, சாப்ட்டாச்சு. இன்னைக்கு வடக்குச் சரிவு, ஒரு கிலோமீட்டர். வைக்கப் போறோம், எழுதிக்கிடுங்க.”

எழுதிக்கொண்டேன்.

“நீங்க சாப்ட்டீயளா?”

“இல்ல, இந்தக் கணக்கை முடிச்சிட்டு...”

“மொதல்ல சாப்பிடுங்க, யக்கா. பசியோட கணக்கும் போடக்கூடாது.”