அட்டைப்படத்தில் ஒரு கைபேசி எண்

மகள் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியதிலிருந்து அவள் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து பேசுவார்கள். பேச்சு எப்படியும் அப்பா பாடிய பாட்டில் போய் நிற்கும்.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாடிக்கொண்டேதான் வேலை செய்வார் என்பதால் கூட இருந்தவர்கள் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு பாட்டைப் பதிவு செய்து மகளிடம் கொடுத்தார். சொந்தமாகப் பாடுகிறவர்களின் பாட்டுகளை இணையத் தளங்களில் ஏற்றி, நாலு பேர் காதில் விழச் செய்வதுதான் அவள் கம்பெனியின் தொழில். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று அவருக்கு ஒரே பெருமை.

அட்டைப்படத்தையும் அவரே தயார் செய்திருந்தார். காக்கிச் சட்டையோடு லிஃப்ட் கண்ணாடியில் எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில் கைபேசி எண். பாட்டு பிடித்தவர்கள் கூப்பிட வேண்டாமா? ஆனால் எண் போட்ட படத்தைத் தளங்கள் ஏற்பதில்லை. பாட்டு திரும்பி வந்தது. பக்கத்து மேசைக்காரன் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு, லிஃப்ட் ரிப்பேருக்கும் இதே நம்பர்தானா என்று கேட்டான். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். என் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

வேறு படம் கேட்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். கேட்கப் போனாலே அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து கூசியது. நாளை, நாளை என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. அவரிடம் பாட்டு தளங்களில் வந்துவிட்டது என்று சொல்லிவைத்தாள். எத்தனை பேர் கேட்டார்கள் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வாள். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள். நேற்று மதியம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பத்து மணிக்கு அவரோடு வேலை பார்த்தவர்கள் ஆறு பேர் வந்தார்கள். சூப்பர்வைசர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாட்டை எல்லா இடத்துலயும் தேடிப் பாத்தோம்மா. எங்கயும் இல்ல."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அப்பவே சொன்னோம். அவளுக்கு அங்க என்ன சங்கடமோ, யாரும் போய்க் கேட்டுடாதீங்கன்னாரு." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட இருந்தா ஒரு தடவ போடுங்கம்மா."

அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மடிக்கணினியைக் கொண்டுவந்து கூடத்து ஓரத்தில் வைத்தாள். திரும்பி வந்தவற்றின் பட்டியலில்தான் பாட்டு இன்னும் கிடந்தது. பத்து நொடிக்கு மேல் அவளே அதைக் கேட்டதில்லை.

அப்பாவின் குரல் எழுந்தது. இரண்டாவது வரியில் சூப்பர்வைசர் மெல்லச் சேர்ந்துகொண்டார். பிறகு மற்ற ஐந்து பேரும். சரணத்தில்கூட ஒருவரும் தடுமாறவில்லை. அழுகைக்கு நடுவே அம்மாவின் வாயும் சரியான சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

மகள் வரிகள் தெரிந்தவளைப் போல உதட்டை அசைத்தாள்.