விதைக்கு விட்ட மரம்

நஞ்சப்பன் கோடரியை ஓங்கியபோது அவர் அண்ணன் கோவிந்தனின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை.

"அண்ணன் வூட்டுக்கு வர்றதுக்குள்ள இது தரையில கெடக்கணும்," என்றார்.

கோவிந்தனின் மகள் கலைமதி வாசலில் அம்மாவின் அருகே உட்கார்ந்திருந்தாள். வரப்பு நெடுகச் சவுண்டல் மர வரிசை. இடுப்புயரத்துக்கு மேல் விடாமல் ஒடித்து ஆடுகளுக்குப் போடுவார் அப்பா. தாவரவியல் படித்த காலத்தில் அவள்தான் அப்படி வளர்க்கச் சொன்னாள். ஒன்றை மட்டும் விதைக்கென்று விட்டிருந்தார். நாலே வருஷத்தில் அது ஓட்டு வீட்டைத் தாண்டிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அதிலிருந்துதான் விழுந்தார்.

"கையெட்டுற ஒசரத்துல இம்மாந்தழ கெடக்குது," என்றாள் இண்டூரிலிருந்து வந்திருந்த பெரியம்மாள் அத்தை. "அத வுட்டுட்டு அறுவது வயசுல கொரங்காட்டம் எதுக்கு ஏறுனான் எந்தம்பி?"

 சேலத்தில் கலைமதி வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணையில், வாங்கிய சவுண்டல் விதை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. சனிக்கிழமை போனில் கேட்டாள். "நம்ம மரத்துல காய் முத்திடுச்சாப்பா? ஒரு படி இருந்தா நல்லாருக்கும்." கீழே உதிர்ந்ததைப் பொறுக்கினால் போதும் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"அத்த..." அத்தை பக்கம் திரும்பினாள். மறுபடி, "அத்த, அப்பா ஏறுனது..."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஆட்டுக்குத்தாங்க அண்ணி ஏறுனாரு," என்றாள் சத்தமாக. "கீழ இருக்கறதெல்லாம் முத்திப்போச்சாம். அவரு ஆடுங்களுக்கு இளந்தழதான் வேணுமாம். நாஞ்சொன்னா எங்க கேட்டாரு?"

"பொண்டாட்டி புள்ளயவிட ஆடு பெரிசாப் போச்சு அவனுக்கு!" அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள்.

கலைமதி வரப்பைப் பார்த்தாள். வரிசை முழுக்கப் போன வாரம் விட்ட தளிர்.

"அம்மா, நாந்தான்..."

"தெரியும். மடியக் கட்டிக்கிட்டு, பாப்பா வெத கேட்டுச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு." அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. "நீ இந்த ஊருக்கு வரப் போவ வேணாமா? வாய மூடிக்கிட்டு உக்காரு."

பிடி இறுகியது. வலித்தது.

மரம் வரப்பின் மேல் சாய்ந்தது. காலையிலிருந்து யாரும் தீனி போடாத ஆடுகள் பட்டிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து உச்சிக் கிளைகளில் வாய் வைத்தன. நஞ்சப்பன் விரட்டப் போனார். பிறகு கோடரியைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகக் குந்திக்கொண்டார்.

மண்பாதையில் ஆம்புலன்ஸ் திரும்பியது. அம்மா எழுந்தாள். கையை விடவில்லை. கலைமதியும் எழ வேண்டியிருந்தது.