பாராட்டுச் சீட்டு

அஞ்சாம் வகுப்பில் அந்தப் பொண்ணுக்கு ‘இடி’ என்று பேர். சும்மா வந்த பேரா அது? சேர்ந்த முதல் மாசமே பக்கத்து பெஞ்சுக்காரனின் உள்ளங்கையில் சீவின பென்சிலை இறக்கியவள். அடுத்த மாசம் ஒருத்தியின் முன்பல் போச்சு. மூணு தடவை டீச்சர் அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, “கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்று சொல்லியிருந்தாள். அப்பா வெல்டர், வீட்டு முன்னறைதான் பட்டறை. “நான் பார்த்துக்கிறேன் டீச்சர்” என்பார். மறுநாள் இடி பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருப்பாள், டீச்சரும் அப்பாடா என்று இருந்துவிடுவாள். இந்த வெயிலில் ஏண்டி முழுக்கைச் சட்டை என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை.

சாக்லேட் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பிள்ளைக்கு முகம் வீங்கியதிலிருந்து, தின்பண்டம் எதையும் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். டீச்சர் விடுவாளா? ஒரு டப்பா நிறைய சீட்டு எழுதிப் போட்டாள். ஒருநாள் வீட்டுப்பாடம் கிடையாது. டீச்சர் நாற்காலியில் ஒரு பீரியட். அவளுக்கே ரொம்பப் பிடித்த சீட்டு ஒன்று, வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பாராட்டு. மூணு வாரம் ஒழுங்காக இருந்தால் ஒரு சீட்டு எடுக்கலாம்.

இடிக்கு அந்த நாற்காலி மேல் கண். மூணு வாரமும் கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின் பெஞ்சுக் குண்டன் வேண்டுமென்றே காலை மிதித்தான். ரத்தம் வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, கையை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சீட்டைப் பிரித்ததும் அவள் முகம் செத்துப்போச்சு.

“வேற எடுக்கட்டுமா டீச்சர்?”

“எடுத்தது எடுத்ததுதான்.”

“ஃபோன் மட்டும் வேணாம் டீச்சர். பரிசே வேணாம்.”

“இடிக்கு வெக்கத்தைப் பாரு,” என்று டீச்சர் சிரிக்க, வகுப்பே சிரித்தது.

பள்ளி விட்டு அரைமணி கழித்து, ஆசிரியர் அறையிலிருந்து ஃபோன் போட்டாள்.

“உங்க பொண்ணைப் பத்தித்தான்...”

“நம்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு டீச்சர். லைன்லயே இருங்க.”

ஃபோனை இரும்பு மேசை மேல் வைக்கும் சத்தம். “இங்க வாடி.” பெல்ட்டை உருவும் சத்தம். அப்புறம் முதல் அடி. “அடிக்காதீங்க, பாராட்டத்தான் கூப்பிட்டேன்” என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதில் விழும்? ஏதோ உருண்டு விழுந்தது. சின்ன உடம்பு ஒன்று சுவரில் மோதியது. நாலாவது அடியில்தான் இடியின் குரல் வந்தது.

“சீட்டுப்பா... சீட்டுல வந்துச்சுப்பா...”

பதினோரு அடி. அதற்கப்புறம்தான் அவர் மூச்சு வாங்க ஃபோனை எடுத்தார். “கேட்டுச்சா டீச்சர்? நீங்க சொன்ன மாதிரியே கண்டிச்சுட்டேன்.”

டீச்சர் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்?” என்றார் அவர்.

டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தால் பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளங்கை சிவக்கத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. தலைமை ஆசிரியருக்கு ஃபோன் செய்தால், “குடும்ப விஷயம், நமக்கெதுக்கு” என்று வைத்துவிட்டார். பாழாய்ப்போன மனுஷன்.

திங்கட்கிழமை இடி வந்தாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது, விரல்கள் தடித்திருந்தன. பையைக்கூட இறக்காமல் நேராகக் குண்டனிடம் போனாள். முடியைப் பிடித்து முகத்தை மேசையில் ரெண்டு முறை மோதினாள். மூக்கு உடைந்து கணக்கு நோட்டெல்லாம் ரத்தம். டீச்சர் பாய்ந்து இழுத்தபோது அவளிடம் கோபமே இல்லை. டீச்சர் மேசை மேலிருந்த ஃபோனை எடுத்து நீட்டினாள் இடி.

“அப்பாவுக்குப் போடுங்க டீச்சர்.”

“எதுக்குடி?”

“தப்பே பண்ணாதவளை அடிச்சுட்டேன்னு ரெண்டு நாளா சாப்பிடாம அழுதுட்டு இருக்காரு. நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. சாப்பிட்டுடுவாரு.”