மேலே பார்க்கும் அம்பு

என் வீட்டுக்காரர் அம்புக்குறி நிபுணர். சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு உத்தியோகம் இருக்கிறது. மின்சார ரயிலில் வந்து இறங்குகிற ஜனங்கள் மெட்ரோவுக்கு மாற எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பலகை வரைவது அவர் வேலை. ஏ.சி. அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரைவார். அந்த நிலையத்தில் அவர் கால் பட்டதே கிடையாது. ஐயா ஆபீசுக்குப் போவது காரில்.

‘தடையற்ற மாற்றம்’ என்ற வாசகமும் அவர் மூளையில் உதித்ததுதான். அதற்கு ஆபீசில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதற்குத் தூசி தட்டுவது நான்.

நான் மருந்தாளுநர் படிப்பு படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது அவள் காலேஜ் போகிறாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரிடம் சொன்னேன்.

“நம்ம தெருவுலயே வழி தெரியாம முழிப்ப. நீ ரெண்டு ரயில் மாறிப் போய்ச் சேந்த மாதிரிதான்” என்றார். பிறகு பெரிய மனசு பண்ணி, “சரி, என் அம்புக்குறியப் பாத்துக்கிட்டே போ. பச்சக் கொழந்தகூடப் போய்ச் சேந்துடும்” என்றார்.

போனேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அகலமான படிக்கட்டு. அதற்கு நேர் மேலே இவர் பலகை தொங்கியது: மெட்ரோ என்ற எழுத்து, பக்கத்தில் மேலே பார்க்கும் அம்பு. ரயிலில் வந்த பாதிப் பேர் ஏறினார்கள், நானும் ஏறினேன். உச்சியில் இரும்புக் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு. பக்கத்தில் ஒருவர் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்.

“மெட்ரோவாம்மா? கீழ எறங்குங்க. படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு வெளம்பரப் பலகை நிக்கும். அதுக்குப் பின்னாலதான் சுரங்கப்பாதை.”

“அப்ப எதுக்கு அம்பு மேல காட்டுது?”

“அத வரஞ்ச மகராசன் நல்லா இருக்கணும்மா. அவராலதான் என் பொழப்பு ஓடுது. மூச்சு வாங்க ஏறி வர்றவங்க ஒரு பாட்டில் வாங்காமப் போறதில்ல.”

அந்த மகராசன் சட்டைக்குக் காலையில் இஸ்திரி போட்டவளே நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது இன்டர்வியூ முடிந்திருந்தது. மருந்துக்கடைத் தலைமை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல வாங்க, மொத ஆளா பாக்கறேன். நாளைக்கும் லேட்டுன்னா வேற ஆளப் போட்டுடுவேன்.”

சாயங்காலம் இவரிடம் சொன்னபோது தொப்பை குலுங்கச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சிரிப்பு. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மேல பாத்த அம்புன்னா ‘நேராப் போ’ன்னு அர்த்தம். ரோட்டுல பாத்ததில்லையா? அதப் பாத்துட்டு எல்லாரும் ஆகாசத்துலயா போறாங்க?”

“ஆனா பலகைக்குக் கீழயே படிக்கட்டு இருக்கே?”

“படிக்கட்டு இருந்தா ஏறிடுவியா? நீயெல்லாம் படிச்சவ! நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா என் மானம்தான் போகும்.”

மறுநாள் காலை கூடவே வந்தார். ரயிலில் யாரோ முழங்கையால் இடித்தார்கள், யாரோ காலை மிதித்தார்கள். அப்போதும் வாய் ஓயவில்லை. இறங்கியதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பலகையைக் கண்டதும் முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தியா, எழுத்து எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு! மஞ்சள் கலர் எதுக்கு வச்சேன் தெரியுமா?”

கூட்டம் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. இவரும் திரும்பினார். அண்ணாந்து பலகையைப் பார்த்தபடியே முதல் படியில் கால் வைத்தார். ‘என்னங்க’ என்று கூப்பிட வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் நிறத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே அவர் மேலே மேலே போனார். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

நான் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நுழைந்தேன். சுரங்கப்பாதையைத் தாண்டி, டிக்கெட் எடுத்து, வந்து நின்ற மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தேன். கைப்பேசி அடித்தது.

“எங்க போய்த் தொலஞ்ச? இங்க கதவு பூட்டிக் கெடக்கு. தண்ணி விக்கிற ஆளு வேற என்னப் பாத்துச் சிரிக்கிறான்!”

மெட்ரோ கிளம்பியது.

“நான் நேராப் போயிட்டிருக்கேங்க” என்றேன். “நீங்க ஒரு பாட்டில் வாங்கிக் குடிச்சிட்டு, மெதுவா எறங்கி வீட்டுக்குப் போங்க.”