மிருதுளா ஆன்சைட்டில் இல்லை

ஸ்ரீநிவாசராகவன் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒரே ஒரு வார்த்தைதான். அதைப் பதினாலு மாதம் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி, ஒரு கோப்பில்கூடத் தப்பாகக் கையெழுத்துப் போடாமல் ஓய்வு பெற்ற மனிதர். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒருநாள் அவரோடு நடந்து வந்த ஜெயகிருஷ்ணன், "என்ன சார், பொண்ணை ரெண்டு மாசமா கண்ணுலயே காணோமே?" என்று கேட்டார். "ஆன்சைட் போயிருக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கம்பெனி அனுப்பி வெளிநாட்டில் வேலை பார்ப்பதற்குத்தான் ஆன்சைட் என்று பெயர். அந்தப் பக்கத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் போயிருப்பார். போகாதவர் அடுத்த மாதம் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஜெயகிருஷ்ணன் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார். அதற்கு மேல் எப்படி வாபஸ் வாங்குவது?

உண்மையில் மிருதுளா நாவலூர் ஐ.டி. கம்பெனி வேலையை உதறிவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது. "ஊர் சுத்தறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்ட அப்பா, அவள் கிளம்பிய அன்று வாசல் வரைக்கும்கூட வரவில்லை. அப்புறம் அவள் அம்மா நாகலக்ஷ்மிக்குத்தான் போன் செய்வாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். அவர் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவார்.

இப்போது அவள் இல்லை. கிர்கிஸ்தானில் ஒரு மலைப்பாதையில் பாறை சரிந்து, அவள் போன வேன் கவிழ்ந்துவிட்டது. செய்தி வந்து ஆறு நாள் ஆயிற்று. உடல் நாளைக் காலை மீனம்பாக்கத்துக்கு வந்து சேருகிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் பெரிய சங்கடம். "கம்பெனி எல்லாத்தையும் பார்த்துக்கும் சார்" என்றார்கள். "டூட்டியில போன உயிர், சாதாரணமா?" என்றார்கள். கிர்கிஸ்தானில் யாருக்கு என்ன ப்ராஜெக்ட் என்று சந்தேகம் வந்தால் அதையும் அவர்களே சமாளித்துக்கொண்டார்கள். "புது க்ளையண்டா இருக்கும்" என்று ஒருத்தர் சொல்லியே விட்டார். ஸ்ரீநிவாசராகவன் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார்.

ஒவ்வொரு தலையாட்டலுக்கும் நாகலக்ஷ்மி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு நாளாக அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பொய்யைக் கேள்விப்பட்ட அன்றே, "அவ என்ன திருடவா போயிருக்கா, மறைக்கறதுக்கு?" என்று கேட்டவள் அவள்.

நாளை ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அது அவருக்கும் புரிந்தது. ஆனால் நாளை எல்லோரும் அழுதுவிட்டுப் போகப்போவது அவருடைய மிருதுளாவுக்காக இல்லை. அவர் ஏரிக்கரையில் இட்டுக்கட்டிய யாரோ ஒரு பெண்ணுக்காக.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜெயகிருஷ்ணன் வந்தார். கூடவே ஏரிக்கரை நடைக் கோஷ்டி ஏழெட்டுப் பேர். பின்னால் ஃப்ளெக்ஸ் போர்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு சிட்டிபாபு. காதுகுத்தோ கருமாதியோ, அந்தத் தெருவில் போர்டு அடித்துக் கட்டுவது அவன்தான்.

"நம்ம க்ரூப் சார்பா சார்... தெருமுனையில கட்டிடலாம்னு..." என்று இழுத்தார் ஜெயகிருஷ்ணன்.

சிட்டிபாபு கூடத்தில் போர்டை விரித்தான். பழைய ஆபீஸ் அட்டைக்காக எடுத்த படம். கழுத்தில் பட்டை, முகத்தில் ஈயாடவில்லை. கீழே பெரிய எழுத்தில், ‘அலுவலகப் பணிக்காக அயல்நாடு சென்று, பணியின்போதே இன்னுயிர் நீத்த எங்கள் செல்ல மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி.’

"இன்னா சார், கம்பத்துல கட்டிடவா? நாளிக்கு காலீல பாப்பா வரச்சொல்ல எல்லாரும் பாக்கணும்ல?"

ஸ்ரீநிவாசராகவனின் தலை வழக்கம்போல ஆடத் தயாராகத்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தார். ‘இதுல ஜெயில்ல இருக்கறவ மாதிரி இருக்கேன்’ என்று அவளே சிரித்த படம் அது.

"கட்டாதே" என்றார்.

"எழுத்து தப்பா கீதா சார்?"

"எல்லாமே தப்பு." அவர் ஜெயகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "அவ ஆன்சைட் போகலை. வேலையை விட்டுட்டு உலகத்தைப் பார்க்கப் போனா. வெளியில சொல்ல வெட்கப்பட்டுண்டு நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இத்தனை நாளும்."

ஜெயகிருஷ்ணன், "தனியாவா சார்?" என்று கேட்டார்.

"தனியாத்தான்!"

எந்த வார்த்தைக்குப் பயந்து பதினாலு மாதம் ஒளிந்து திரிந்தாரோ, அதைச் சொன்னதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருமையாக இருந்தது. இதை அன்றைக்கே ஏரிக்கரையில் நின்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"எங்கெல்லாம் போனா சார்?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"முதல்ல வியட்நாம். அங்க ஒரு கடையில, மீன் வேண்டாம்னு புரியவைக்கவே அரை மணி நேரம் ஆச்சாம். அப்புறம் லாவோஸ், ரெண்டு நாள் படகுலயே போனா. தாய்லாந்துல ஜுரம். ஒரு டீச்சரம்மா தன் வீட்டுல வெச்சுக் கஞ்சி குடுத்தாங்களாம். ஜார்ஜியாவுல திராட்சை பறிச்சா, கூலிக்குத் திராட்சையே குடுத்தாங்க! அர்மேனியா, உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான்... கிர்கிஸ்தான்ல குதிரை ஏறினா சார். எங்க வம்சத்துல சைக்கிளுக்கு மேல யாராவது ஏறியிருக்கோமா?"

நாகலக்ஷ்மி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இதெல்லாம் மகள் அவளிடம் சொன்னது. எழுந்து உள்ளே போன மனிதர், கதவுக்குப் பின்னால் நின்று ஒரு போனையும் விடாமல் கேட்டிருக்கிறார்!

"துருக்கியை விட்டுட்டேளே" என்றாள்.

ஆறு நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் துருக்கியை மறந்துபோய் விடவில்லை. வேண்டுமென்றேதான் தாண்டியிருந்தார்.

"அங்கேர்ந்து பேசறச்சே அப்பாவைக் கூப்பிடுன்னா. நான் போகலை." அவர் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "நமக்கெல்லாம் பாஸ்போர்ட்டுல கடைசிப் பேர் அப்பா பேர்தானே? தங்கற இடத்துல எல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடறாங்களாம். துருக்கியில விடுதி நடத்தற ஒரு பெரியவர் நாலு தரம் திக்கித் திணறி, அஞ்சாவது தரம் முழுசாச் சொல்லிட்டாராம். ‘போற இடமெல்லாம் அப்பா பேரைச் சொல்ல வெச்சுண்டிருக்கேன், அப்பாகிட்ட சொல்லும்மா’ன்னா. நான் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுண்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே எல்லோரையும் பார்த்தார். "ஒன்பது நாட்டுல என் பேர் கேட்டிருக்கு சார். தாம்பரத்தைத் தாண்டறதுக்கே யோசிக்கற ஆள் நான்."

ஜெயகிருஷ்ணன் குனிந்து போர்டைத் தன் கையாலேயே சுருட்டினார். சிட்டிபாபு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப இன்னா போடணும்னு சொல்லு சார். ரெண்டு அவர்ல வேற அடிச்சு எடுத்தாரேன்" என்றான்.

நாகலக்ஷ்மி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். குதிரை மேல் மிருதுளா, முடி காற்றில் பறக்க, வாய் கொள்ளாத சிரிப்பு.

"இந்தப் படம்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "கீழே, ‘ஒன்பது நாடுகள் கண்டவள்.’ அவ்வளவுதான்."

"பேரு எஸ். மிருதுளா தானே?"

"எஸ் வேண்டாம். முழுசாப் போடு. மிருதுளா ஸ்ரீநிவாசராகவன்."

சிட்டிபாபு விரலால் காற்றில் அளந்து பார்த்தான். "எடம் பத்தாதே சார். பேரு ரொம்ப நீட்டு."

"போர்டைப் பெருசாப் போடுப்பா" என்றாள் நாகலக்ஷ்மி.