கட்டின்மேல் ஊற்றிய உப்பு

என் புருஷன் தனகோட்டியின் காலைக் காப்பாற்ற டாக்டர் வெள்ளி வைத்துக் கட்டினார். கொலுசு வெள்ளி இல்லை. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கிய நானோ வெள்ளி பூசிய துணி. அமாவாசைக்குச் செருப்பில்லாமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு நடந்தவருக்குக் கண்ணாடிச் சில்லு குத்தியது. சர்க்கரைக்காரர். புண் சீழ் பிடித்துவிட்டது, எந்த மாத்திரைக்கும் கிருமி சாகவில்லை.

“இதுலயும் கேக்கலன்னா காலை எடுக்கணும்” என்றார் டாக்டர்.

நர்ஸ் தமிழினி என்னிடம் சொன்னாள்: “கட்டு காயாம இந்த பாட்டில் தண்ணிய மட்டும் தெளிங்க. உப்புத் தண்ணி படவே கூடாது. உப்பு பட்டா வெள்ளி வேலை செய்யாது.”

எங்கள் பக்கம் புண் என்றாலே உப்புத் தண்ணீர்தான். மனுஷனுக்கும் அதுதான், மாட்டுக் குளம்புக்கும் அதுதான். ஆனாலும் சொன்னபடி செய்தேன். வீக்கம் வடிய ஆரம்பித்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்தாள் என் நாத்தனார் ராஜாம்பாள். கைராசிக்காரியாம்! நான் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்தால், சொம்பில் கல்லுப்பைக் கரைத்துக் கட்டின்மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

“அய்யோ அண்ணி, உப்பு ஆகாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க!”

“இன்னாடி ஆகாது? எங்க நைனா காலு இந்தக் கையாலதான் ஆறுச்சு.”

சொம்பைப் பிடுங்கினேன். படுத்திருந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து என்னை ஓங்கி அறைந்தான். அன்றோடு ‘அவர்’ போச்சு.

“அக்கா கைராசி உனுக்கு வருமாடி? நான் செத்தா உனுக்கு நல்லதுதான?”

அதன்பிறகு புண்ணைத் தொடக்கூட என்னை விடவில்லை. தமிழினிக்குப் போன் போட்டு, கட்டின்மேல் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். உடனே கூட்டிவரச் சொன்னாள். நான் பிடித்துவந்த ஆட்டோவை அவன் திருப்பி அனுப்பினான். நாற்றம் தெருவரைக்கும் வந்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“யாரு உப்புத் தண்ணி ஊத்துனது?” வார்டில் வைத்து டாக்டர் கேட்டார்.

ராஜாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் புருஷன் விரலை நீட்டினான், என்னைப் பார்த்து.

“இவதான் சார். எவ்ளோ சொல்லியும் கேக்கல.”

அத்தனை பேர் முன்னால் டாக்டர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். மாடு தனியாக இருக்கிறதென்று ராஜாம்பாள் அன்றைக்கே தன் ஊர் தொண்டூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது வீட்டில் நானும் அவனும்தான். வெட்டிய இடத்தில் மறுபடியும் வெள்ளித் துணி. பாட்டில் தண்ணீரை நானே தெளிக்கிறேன், ஒரு வேளை தவறாமல். அருமையாக ஆறுகிறது. ஆறட்டும். நூறு வயசு இருக்கட்டும், பாவி.

“கலைவாணி, ஒண்ணுக்கு வருதுடி. செத்த தூக்கி விடு.”

“வரேன், வரேன்” என்றேன், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கெஞ்சினான்.

லுங்கி நனைந்த பிறகு போனேன்.

“அக்காவுக்கு போன் போடட்டுமாய்யா?” என்று கேட்டேன். “வந்து தொடச்சி விடுவாங்க.”